மாக்கோலத்தில் படுத்த புலி

புலி பார்க்கப் போவது என்று முடிவான வாரத்து வெள்ளிக்கிழமை காலையிலேயே புலி வந்துவிட்டது; ஆனால் எல்லோரும் புலி பார்க்கப் போகும் ஏற்பாட்டில் மும்முரமாக இருந்ததால் அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று.

கோயமுத்தூர் வடவள்ளியில், ஒரு மரம்கூட மிச்சம் வைக்காமல் வெட்டிவிட்டுக் கட்டியதால் பசுஞ்சோலை என்று பெயர் பெற்ற அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில், மயிலாத்தாள் தலைக்குக் குளித்து, வாசலில் மாக்கோலம் போட்டு, நாலு மூலைக்கு நாலு தாமரை வைத்து, கடைசித் தாமரையில் மட்டும் ஓர் இதழைப் போடாமல் விட்டாள். குறை ஒன்றை நாமே வைத்துவிட்டால் ஆத்தா வேறு குறை வைக்கமாட்டாள் என்பது அவள் தாய்வீட்டுப் பழக்கம். உள்ளே போய் விளக்கேற்றிக் கும்பிட்டுத் திரும்பி வருவதற்குள், ஈரம் காயாத கோலத்தின் மேல், முன்னங்கால் ரெண்டையும் நீட்டிக்கொண்டு, ரொம்ப தூரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த ஆளைப்போல அது படுத்திருந்தது.

"ஏனுங்க, வாசல்ல புலி படுத்திருக்குதுங்க."

மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற நடராசு, மனைவி சொன்னதைக் கேட்டுப் பேப்பரை மடக்கவில்லை. "கொஞ்சம் ஓரமாப் படுக்கச் சொல்லு மயிலு. பால்காரன் மிதிச்சறப் போறான்."

புலி எப்படி வந்தது என்பதில் மயிலாத்தாளுக்குச் சந்தேகமே இல்லை. வரவழைத்ததே அவள்தான்.

அவளுக்குப் பிள்ளைகள் மூன்று. பூபதி டொரண்டோவில், சுகன்யா பெங்களூரில், நந்து சென்னையில். மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. நந்துவின் கல்யாணத்தில் குடும்பப் போட்டோ எடுக்கும்போது சுகன்யாவின் வீட்டுக்காரர் கைகழுவப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்காமல் பூபதி போட்டோவை எடுக்கச் சொல்லிவிட்டான். ஒரு குழாயடியில் ஆரம்பித்த அந்தச் சண்டை கடல்தாண்டியும் காயாமல் இருந்தது. அண்ணனும் தங்கையும் அதற்கப்புறம் பேசிக்கொள்ளவில்லை, மஞ்சள் மூஞ்சிப் பொம்மைகளைத்தான் செல்போனில் அனுப்பிக்கொண்டார்கள். இப்படி இருக்கும்போது, மூன்று பேரும் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்து, நாலு நாள் தங்கி, பிறகு எல்லோருமாக மத்தியப் பிரதேசத்தில் பெயரைச் சொன்னாலே நாக்கு சுளுக்கிக்கொள்கிற ஏதோ ஒரு காட்டுக்குப் புலி பார்க்கப் போகலாம் என்று நந்து ஆரம்பித்தபோது, மயிலாத்தாள் சாமிபடத்துக்கு இன்னொரு முழம் பூ சேர்த்துப் போட்டாள். மருதமலைக்குப் பின்னால் ஏறி இறங்கினால் காடுதான், அங்கேயும் புலி உண்டு. ஆனால் பக்கத்தில் இருப்பதை எவன் போய்ப் பார்ப்பான்? அவளுக்குப் புலி ஒரு பொருட்டே இல்லை. அந்த நாலு நாள்தான் கணக்கு.

எல்லாம் கூடிவரும்போது பூபதி ஒரு கேள்வி கேட்டான்: "புலி கண்டிப்பாத் தெரியும்னு கேரண்டி இருக்கா? இல்லாட்டி நான் எதுக்கு அவ்வளவு தூரம் வரோணும்?"

ஏஜெண்டு கேரண்டி தரவில்லை. அதனால் மயிலாத்தாள் தெருமுனை மாரியம்மனிடம் போய், மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து, "என்ற புள்ளைங்க மூணு பேரும் ஒண்ணாச் சேந்து புலியப் பாக்கோணும் ஆத்தா" என்று நேர்ந்துகொண்டு, முடிச்சைப் பூஜை அலமாரியில் வைத்தாள். ஆத்தாளும் புலியை அனுப்பிவிட்டாள்.

எதிர்வீட்டு ராஜாமணி கதவைத் திறந்து புலியைப் பார்த்தாள், கோலத்தைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள், அப்புறம் தலையிலடித்துக்கொண்டாள். "ஏனக்கா, வேண்டிக்கும்போது எடஞ்சொல்லி வேண்டலீங்களா? எங்க நாத்தனா இப்படித்தான், 'எங்க வீதியில மாடிவீடு வரோணும்'னு மட்டும் வேண்டிட்டு வந்துட்டா. எதுத்தவூட்டுக்காரன் கட்டிட்டான்."

"மறந்துட்டேன் ராஜாமணி. ஆத்தாளுக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்."

"ஆத்தாளுக்கு ஆயிரம் சோலி. நாமதான் வெலாசம் சரியாச் சொல்லோணும்."

அன்று சாயங்காலமே குடியிருப்போர் சங்கம் கூடியது. நாய்க்கு விதி இருந்தது, கிளிக்கு இருந்தது, மீன்தொட்டிக்குக்கூட இருந்தது, புலிக்கு இல்லை. புலி பூனை ஜாதி என்று இரண்டாவது மாடி டியூஷன் டீச்சர் எடுத்துச் சொன்னதால் பூனை விதியே பொருந்தும் என்று தீர்மானமாயிற்று. அதன்படி அது லிப்டில் ஏறக்கூடாது, படிக்கட்டைத்தான் பயன்படுத்த வேண்டும், மொட்டைமாடியில் காயும் வடகத்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது. வனத்துறைக்குச் சொல்லலாமே என்று யாரோ இழுத்தபோது, செயலாளர் கோதண்டபாணி, "சொல்லலாம். வர்றவங்க புலியோட நம்ம கட்டடத்து அப்ரூவலையும் சேத்துக் கேட்டாங்கன்னா?" என்றார். புலி இருந்துவிட்டுப் போகட்டும் என்று சபை ஒருமனதாகக் கலைந்தது.

அதற்குப்பின் பசுஞ்சோலை புலியைப் பழகிக்கொண்டதை, மழைக்காலத்தைப் பழகிக்கொள்வதுபோல என்றுதான் சொல்லவேண்டும். மூன்றாம் மாடி நடைபாதையில் காலையில் நடப்பவர்கள் புலியைச் சுற்றிக்கொண்டு போனார்கள், சுற்று கொஞ்சம் பெரிசாவதால் கொழுப்பு கூடுதலாகக் கரைகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். கூரியர்காரன் வீட்டில் ஆளில்லாதபோது பார்சலைப் புலியின் முதுகில் வைத்துவிட்டுப் போனான், ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. எத்தனை வலை கட்டியும் போகாத புறாக்கள் ஒரே நாளில் போயின. புரோக்கர் மூன்றாம் மாடி வீட்டைக் காட்ட வந்தவர்களிடம் "கிழக்குப் பார்த்த வாசல், புலி பார்த்த பால்கனி" என்று விலையை ரெண்டு மடங்காக்கிச் சொன்னான். உறுமல் தன் ஆன்லைன் யோகாவைக் கெடுக்கிறது என்று புகார் எழுதிக் கொடுத்த முதல்மாடி அம்மாள், ஒரு வாரத்தில் அந்த உறுமலுக்கு மூச்சை இழுத்து அடுத்த உறுமலுக்கு விடப் பழகிக்கொண்டாள்.

இதில் விசேஷம் என்னவென்றால், நடைபாதையில் புலியைத் தாண்டித் தாண்டிப் போனவர்களுக்கெல்லாம் புலி பார்க்கும் ஆசை வந்துவிட்டது. "உங்க பசங்க எந்த ஏஜெண்டுங்க? நம்பர் அனுப்புங்க" என்று மயிலாத்தாளிடம் வரிசையாக வந்து கேட்டார்கள். செயலாளர் கோதண்டபாணி முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வாங்கி, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து, புலிக்குப் பக்கத்தில் இருந்த செருப்பு ஸ்டாண்டைப் படமெடுத்துப் பார்த்துத் திருப்தியாக இறங்கிப் போனார்.

மயிலாத்தாளும் போட்டோ எடுத்து, 'டைகர் ட்ரிப்' என்று நந்து ஆரம்பித்திருந்த குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டாள்.

"அம்மா, இது ஏஐ. இந்த மாதிரி வர்றதையெல்லாம் ஃபார்வர்டு பண்ணாதீங்க" என்று பூபதி எழுதினான். சுகன்யா, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வடிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டாள். நந்து மட்டும்தான் வீடியோவில் கூப்பிட்டான். மயிலாத்தாள் புலியின் மூஞ்சிக்கு நேரே போனைப் பிடித்துக் காட்டினாள். அது கொட்டாவி விட்டது.

"நெசமாலுமே புலிதாம்மா" என்றான் நந்து. "ஆனா இது கணக்குல வராது."

"ஏஞ்சாமி வராது? கோடு இருக்குது, வால் இருக்குது, இன்னும் என்ன வேணும்?"

"காட்டுல பாக்கோணும்மா. தேடித்தேடி அலைஞ்சு, கிடைக்குமோ கிடைக்காதோன்னு இருக்கறப்ப பாக்கோணும். வீட்டு வாசல்ல கிடக்கறத எப்ப வேணா பாத்துக்கலாமல்ல?"

"அதுஞ்செரிதான்" என்றாள் மயிலாத்தாள். வாசலில் கிடக்கிறதையும் வீட்டுக்குள் கிடக்கிறதையும் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் நினைப்பது நியாயந்தானே. காத்துக்கிடப்பது கால்முளைத்து ஓடியா போகும்?

புலி சாப்பிடவில்லை. தயிர்சாதம் பிசைந்து வைத்தாள், மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. வெள்ளிக்கிழமை வீட்டில் கவுச்சி கூடாது என்பதால் சனிக்கிழமை வரை பொறுத்து, நடராசுவை அனுப்பி ஆட்டுக்கறி வாங்கிவரச் செய்து வைத்தாள், அதையும் தொடவில்லை. லிப்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தது, வந்தவர் வேறு யாரோ என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டுத் தலையைக் கோலத்தில் வைத்துக்கொண்டது. மூன்று பேரும் சேர்ந்து பார்க்கும்வரை அதற்குச் சோறும் இல்லை, போக்கிடமும் இல்லை. நேர்ந்த வாக்கு அப்படிப்பட்டது. லிப்டுச் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் மயிலாத்தாளும் அதுவும் ஒரே சமயத்தில் ஏமாந்து, ஒரே சமயத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதை ராஜாமணி பார்த்திருக்கிறாள்.

முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த நாளில் சுகன்யா கூப்பிட்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஜீப்புல ஆறு பேர்தான் ஏறலாமாம். நாங்க மூணு ஜோடி, ஆறு ஆயிருச்சு. இன்னொரு ஜீப் கேட்டா புக்கிங் ஃபுல்லுங்கறாங்க. எப்படியும் உங்க முட்டிக்கு அந்தக் குலுக்கல் ஆகாதும்மா. அப்பாவுக்கும் பிரஷர்."

"செரி கண்ணு. நாங்க வூட்லயே இருந்துக்கறோம். நீங்க இங்க வந்து நாலு நாள் இருந்துட்டு..."

"அதாம்மா, பூபதி அண்ணனுக்கு லீவு பத்தலை. கோயமுத்தூர் வந்துட்டுப் போனா ரெண்டு சஃபாரி போயிரும். அதனால எல்லாரும் நாக்பூர்லயே மீட் பண்ணிக்கறோம். அங்கிருந்து வீடியோ கால் போடறேன், நேர்ல பாக்கற மாதிரியே இருக்கும்."

மயிலாத்தாள் மாவுக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அங்க விடியக்காலைல குளிருமாம். ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

போனை வைத்ததும் நடராசு பேப்பருக்குப் பின்னாலிருந்து, "புலிக்குப் பதிலா உன்னயக் காட்டுல கொண்டுபோய் விட்டாத்தான் மூணும் சேந்து பாக்க வருமாட்ட இருக்குது" என்றார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துவந்து, அவள் சொல்லாமலே முறுக்கு அச்சைப் பிடித்துப் பிழிந்தார். சுட்ட முறுக்கை நாக்பூர் விலாசத்துக்குக் கூரியரில் அனுப்பினார்கள்.

பிள்ளைகள் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மான் பார்த்தார்கள், மயில் பார்த்தார்கள், வடவள்ளியில் ரேஷன்கடை ஓட்டின்மேல் திரிகிற குரங்குகளை அங்கே ஜீப்பை நிறுத்தி, கைடு விளக்கம் சொல்லக் கேட்டுப் பார்த்தார்கள். புலியின் காலடித்தடம் பார்த்தார்கள். புலி போட்டது என்று ஒரு சாணத்தை மூன்று ஜோடிகளும் கைகூப்பாத குறையாகப் பார்த்தார்கள். நேற்று இங்கேதான் இருந்தது என்று ஒவ்வொரு நாளும் கைடு சொன்னார். புலி இல்லை. அவர்களுக்கென்று நேர்ந்த புலிதான் மூன்றாம் மாடியில் விலா எலும்பு தெரியக் கிடந்ததே.

நந்து ரகசியமாகப் போன் செய்தான். "அண்ணனும் அக்காவும் மறுபடி ஆரம்பிச்சுட்டாங்கம்மா. உன்னாலதான் வந்தது வீணாப்போச்சுன்னு மாத்தி மாத்திப் பேசிக்கறாங்க. அக்கா வீட்டுக்காரரு தனியா ரூம்ல உக்காந்திருக்காரு. நாளைக்குக் காலைல தெக்கால கேட்டுல கடைசி சஃபாரி, அதே பச்ச ஜீப்பு. இனிமே குடும்பத்தோட ஒரு எடத்துக்கும் வரமாட்டேன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க."

ராஜாமணி இதைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. புலிய விட்றாதீங்க. இது இங்க இருக்கற வரைக்கும் அவங்க கண்ணுல அங்க ஒண்ணும் படாது. அலுத்துச் சலிச்சு, அந்தப் புலியவாவது பாப்போம்னு கடைசீல இங்கதான் வந்தாகோணும். வாக்குக் குடுத்தவ ஆத்தா. நீங்க சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருப்பது மயிலாத்தாளுக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு என்னவோ அது பாவமாகப் பட்டது. கடைசிவரை காணாமல், ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காமல் மூன்று திசைக்கு மூன்று பேரும் பிரிந்து போவதை நினைத்தாள். அலுத்து வருகிற பிள்ளை யாருக்கு வேண்டும்? நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்த புலியையும் பார்த்தாள். தன் வீட்டு ஆசைக்கு ஒரு காட்டு ஜீவனைக் கட்டிப்போட்டு வைப்பது எந்த ஊர்ப் பக்தி?

விடிந்தும் விடியாமலும் குளித்தாள். முடிந்த முடிச்சை நேர்ச்சை தீருமுன் அவிழ்க்கக்கூடாது. அதனால் அவிழ்க்காமல் கையில் வைத்துக்கொண்டு, புலியின் நெற்றியில் குங்குமம் வைத்து, அதன் காதருகே குனிந்து, அர்ச்சனைக்குச் சொல்வதுபோல இந்தத் தடவை எதையும் விடாமல் சொன்னாள்:

"பூபதி, பூச நட்சத்திரம். சுகன்யா, சித்திரை. நந்தகுமார், அனுஷம். மத்தியப் பிரதேசம், அந்தக் காடு, தெக்கால கேட்டு, பச்ச ஜீப்பு. மூணு பேரும் ஒண்ணாப் பாக்கோணும். பாத்துட்டு அவங்கவங்க ஊருக்குப் பத்திரமாப் போய்ச் சேரோணும்."

தனக்கென்று ஏதாவது சேர்த்துக்கொள்ளலாமா என்று வாய் ஒருமுறை திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

புலி எழுந்து, நெட்டி முறித்து, பூனை விதிப்படி லிப்டைத் தொடாமல் படிக்கட்டு வழியாகவே இறங்கிப் போயிற்று. கேட்டில் வாட்ச்மேன் வழக்கம்போல, "திரும்பி வருவீங்களா, கேட்டைப் பூட்டறதா?" என்று கேட்டதாகவும், அது திரும்பிப் பார்த்ததாகவும் சொல்கிறார்கள்.

எந்த ரயிலைப் பிடித்ததோ, எந்த மேகத்தில் ஏறியதோ, காலை வெயில் வரும் நேரத்துக்கு அது அந்தக் காட்டில், பச்சை ஜீப்புக்கு நேர் முன்னால், மண்பாதைக்குக் குறுக்கே, முன்னங்கால் ரெண்டையும் நீட்டிக்கொண்டு படுத்துவிட்டது. நகரவில்லை. டிரைவரால் முன்னால் போக முடியவில்லை, பின்னால் வந்த ஜீப்புகளால் திரும்பவும் முடியவில்லை. புலி முன்னால் யாரும் குரலை உயர்த்தக்கூடாது என்பது காட்டு விதி. அம்மாக்கள் முன்னால் அப்படி ஒரு விதி கிடையாது, இருந்திருந்தால் நாட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது. பேச முடியாததால் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பயத்தில் யார் கையை யார் பிடித்தார்கள் என்று அப்புறம் ரெண்டு பேருமே ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் புலி எழுந்து புதருக்குள் போயிற்று.

மத்தியானம் சுகன்யாவின் போன் வந்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"அம்மா, புலி பாத்தோம்."

"ஆத்தா காப்பாத்துனா. எல்லாரும் ஒண்ணாப் பாத்தீங்களா?"

"ஒண்ணாத்தான் பாத்தோம். ஸ்டேட்டஸ் வெக்கலாம்னு போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்தேம்மா. நெத்தியில செவப்பா என்னமோ இருக்கு. அது ரத்தம்னு கைடு சொல்றாரு. விலாவுல வெள்ளையா அச்சு மாதிரி இருக்கு, அது சேறாம். அம்மா, அது தாமரை. ஒரு எதழு இல்ல."

மயிலாத்தாள் போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்குப் போய்க் கோலத்தைப் பார்த்தாள்.

"அம்மா, அது நெசமாவே நம்ம வாசல்லயா இருந்துச்சு?"

"இருந்துச்சு கண்ணு. சோறு தண்ணி இல்லாம, லிப்டு தொறக்கறப்பெல்லாம் நீங்களான்னு பாத்துட்டே கிடந்துச்சு."

"இப்ப?"

"இப்பப் போயிருச்சு. அதக் காட்டுலயே பாத்துட்டீங்கள்ல, அது போதும். இப்ப இங்க நான் மட்டுந்தான் கிடக்கறேன்."

அந்தப் பக்கம் ஒரு மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒன்றா ரெண்டா என்று மயிலாத்தாளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. போன் ஸ்பீக்கரில் போடப்பட்டிருந்தது.

பசுஞ்சோலையில் புலி போன இடத்தை யாரும் மிதிக்கவில்லை. நடப்பவர்கள் பழக்கதோஷத்தில் அந்த வெறும் இடத்தைச் சுற்றிக்கொண்டே போனார்கள், கூரியர்காரன் பார்சலை அந்தரத்தில் வைக்கப் போய்க் கீழே போட்டான், புறாக்கள் ஒன்றிரண்டு வந்து விசாரித்துவிட்டுப் போயின. மூன்றாம் நாள் மத்தியானம் லிப்டுக் கதவு திறந்து, பெட்டிகளும் லென்ஸுகளும் ஸ்வெட்டர்களுமாக ஆறு பேர் இறங்கியபோது, அவர்களும் ஏனென்று தெரியாமலே அந்தக் கோலத்தைச் சுற்றிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். விருந்தினர் ஆறு பேருக்கும் முன் அனுமதி வாங்கவில்லை என்று செயலாளர் கோதண்டபாணி அன்றைக்கே நோட்டீஸ் ஒட்டினார். புலிக்கு அவர் ஒட்டவில்லை.

வரிசையாக இலை போட்டு மயிலாத்தாள் பரிமாறினாள். கடைசியில் தயிர்சாதத்தைப் பிசைந்து உருட்டி மூன்று பேர் கையிலும் வைத்தாள். மூஞ்சியைத் திருப்பாமல் சாப்பிட்டார்கள். மோர்மிளகாய் உனக்கா எனக்கா என்று அண்ணனும் தங்கையும் உறுமிக்கொண்டார்கள். சாப்பிட்டு எழுந்ததும், எல்லோரும் நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துரலாம் என்று நந்து போனைத் தூக்கினான்.

"இருடா, அவசரப்படாத" என்றான் பூபதி. "மாப்ள கைகழுவிட்டு வரட்டும்."

குழாயடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். மயிலாத்தாள் பூஜை அலமாரியைத் திறந்து மஞ்சள் முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சாயங்காலம் கோயிலுக்குப் போய் உண்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

எதிர்வீட்டு வாசலில் நின்றபடி ராஜாமணி எட்டிப் பார்த்தாள். "ஏனக்கா, கடைசீல நீங்களும் பாத்துட்டீங்களாட்ட இருக்குது?"

"பாத்துட்டேன் ராஜாமணி" என்றாள் மயிலாத்தாள். "மூணையும் ஒண்ணாப் பாத்துட்டேன். ஆனா வூட்டுக்குள்ள பாத்தது கணக்குல வருமான்னுதான் தெரியல."